குப்புராஜ் டாக்டரும் ஒன்பது முடிச்சுகளும்

டாக்டர் குப்புராஜுக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் கால்வெட்டி. நேரில் பார்த்தால் 'டாக்டருங்க' என்பார்கள். அவர் நாலு அடி தாண்டியதும் 'கால்வெட்டி போறாரு' என்பார்கள். அது அவருக்கும் தெரியும். பதின்மூன்று வருஷம் அந்தப் பெயரோடுதான் இங்கே இருந்தார். அவரைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லாததால் நான் எழுதுகிறேன். என் பெயர் மாது. சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அவர் நினைத்த கருவிகளை அடித்துக் கொடுத்தவன் நான்தான்.

அவர் வந்தது 1934-இல். வத்தல்மலை அடிவாரத்தில், இண்டூர் போகிற சாலையில், ஆறு கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதற்கு ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர். திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. பட்டணத்தில் எல்.எம்.பி. என்கிற சின்ன டாக்டர் படிப்புப் படித்தவர். வந்த முதல் வருஷமே நான்கு பேருக்குத் தொடையோடு காலை எடுத்தார். பெயர் வராமல் என்ன செய்யும்?

அந்த நான்கு பேரும் மலைக்காரர்கள். காரணத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனிதர்மேல் பழி நிற்கும்.

மலைமேல் இரண்டு மூன்று ஊர்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. அரிவாள் பட்டாலும், பன்றி குத்தினாலும், பாம்பு தீண்டினாலும் வேடியப்பன் கோயில் பூசாரி மாதையன் வந்து காயத்துக்கு மேலே நார்க்கயிற்றால் இறுக்கி ஒரு முடிச்சுப் போடுவார். சாமி பேர் சொல்லிப் போடுகிற முடிச்சு. போட்ட கைதான் அதை அவிழ்க்க வேண்டும். வேறு கை தொட்டால் உயிர் அந்த வழியாகப் போய்விடும் என்று நம்பினார்கள். மாதையனோ மலையை விட்டு இறங்காதவர். அவருக்கு அப்படி ஒரு நேர்த்திக்கடன். ஆளைக் கம்பளியில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு கீழே வந்து சேர ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் ஆகும். அதற்குள் கயிற்றுக்குக் கீழே கால் கறுத்துச் செத்துக் கிடக்கும்.

இதில் ஒரு கூத்து இருந்தது. முடிச்சை அவிழ்க்கச் சம்மதிக்காத சனம், காலை வெட்டச் சம்மதித்தது. கயிற்றுக்கு மேலே வெட்டி எடுத்தால் முடிச்சு அவிழாமல் காலோடு போய்விடும் அல்லவா? சாமி குற்றம் வராது.

முதல் வருஷத்தில் ஒருவருக்கு மட்டும் டாக்டர் பிடிவாதமாகக் கயிற்றை அறுத்துவிட்டார். அந்த ஆள் ஒரு மணி நேரத்தில் செத்துப்போனார். அதோடு ஊர் மொத்தமும் மாதையன் பக்கம் சாய்ந்துவிட்டது. டாக்டரே என்னிடம் பிற்பாடு சொன்னார்: "அவங்க சொல்றது முழுப் பொய்யில்ல மாது. செத்த காலுல தேங்கின ரத்தம் ஒரேயடியா மேல ஏறினா இதயம் நின்னுரும். எனக்கு அது புஸ்தகத்துல இருந்துச்சு. அவங்களுக்குக் கண்ணுல இருந்துச்சு."

மனைவி செல்லம்மாள் வந்து எட்டு மாதம் இருந்தார். கிணற்றடிக்கு அந்த அம்மாள் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நிற்பார்களாம். சண்டை இல்லை, ஏச்சு இல்லை, வெறுமனே விலகி நிற்பது. பிரசவத்துக்குத் திருப்பத்தூர் போனார், பெண் குழந்தை பிறந்தது, திரும்பி வரவில்லை. வரச் சொல்லி இவர் வற்புறுத்தவும் இல்லை. தீபாவளிக்கு இவர் போய் வருவார். மற்ற நாளெல்லாம் கண்ணம்மாள் இட்லிக்கடையிலிருந்து தூக்கு வரும். அதைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சாலையில் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு போவார்கள்.

என் கடைக்கு அவர் முதலில் வந்தது 1936-இல். சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர், ஒரு ரப்பர் குழாயை எடுத்து விரலால் அழுத்தினார்.

"இதுல தண்ணி போகுதுன்னு வெச்சுக்க. அழுத்தினா நிக்கணும். விட்டா மறுபடி போகணும். உள்ளாற கொஞ்சமும் நசுங்கக் கூடாது. அந்த மாதிரி ஒரு கிளிப்பு எனக்கு வேணும், வைக்கோல் தண்டு சைஸு குழாய்க்கு."

"நான் பஞ்சர் ஒட்டறவனுங்க," என்றேன்.

"நானும் அதத்தான் செய்யலாம்னு பாக்கறேன்," என்றார்.

விஷயம் இதுதான். காலுக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் அறுந்தால், அன்றைக்கு டாக்டர்கள் அதை நூலால் கட்டி அடைத்துவிடுவார்கள். கால் பிழைத்தால் பிழைக்கும். பெரும்பாலும் பிழைக்காது. இவருக்கு அதைத் தைத்து ஒட்ட வேண்டும் என்று ஆசை. தைக்கிற வரைக்கும் மேலேயும் கீழேயும் ரத்தத்தை நிறுத்திப் பிடிக்க ஒரு கருவி வேண்டும். வெளிநாட்டில் அப்படிக் கிளிப்புகள் இருக்கின்றனவாம். ஆறு கட்டில் ஆஸ்பத்திரிக்கு அதையெல்லாம் யார் வாங்கிக் கொடுப்பார்கள்?

கடிகார ஸ்பிரிங்கை வளைத்து முதல் கிளிப்பு அடித்தேன். கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுக் கழுத்து ரத்தக்குழாயை வாங்கி வந்து, ஒரு பக்கம் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அதே வேலை. கடைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு வியாபாரம் படுத்தது. சொல்லிக் காட்டினேன். அவர் காதில் வாங்கவில்லை.

1937 தை மாதம் எருது விடுகிற அன்று பச்சியப்பன் என்கிற குடியானவரைத் தொடையில் மாடு குத்திவிட்டது. கீழ்நாட்டு ஆள், முடிச்சு கிடிச்சு ஒன்றும் கிடையாது. அடுத்த தெருவிலிருந்து கட்டிலோடு தூக்கி வந்தார்கள். டாக்டர் கிளிப்பைப் போட்டார், தைத்தார். பாதம் சூடு கண்டது. ஊரே வராந்தாவில் வந்து நின்றது. மூன்று நாள் அவரை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாலாம் நாள் பாதம் குளிர்ந்தது. ஐந்தாம் நாள் காலை எடுத்தார்.

"வெட்டறதுன்னா மொதல் நாளே வெட்டியிருக்கலாமில்ல? தையக்காரன் மாதிரி தெச்சுப் பாத்துட்டு அப்புறம் வெட்டறியே," என்று பச்சியப்பன் அண்ணன் சாலையில் நின்று கேட்டார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எடுத்த காலைப் புதைக்குமுன் அவர் தையலைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். தையல் நன்றாகவே இருந்ததாம். கிளிப்பின் பல் பட்ட இடத்தில் உள்தோல் நசுங்கி, அங்கே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அடித்தவன் நான். அதை அவர் என்னிடம் குற்றமாகச் சொல்லவில்லை. "ஸ்பிரிங்கு வேணாம் மாது. கடிக்குது. நம்ம கையால திருகித் திருகி இறுக்கற மாதிரி இருக்கணும்," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான் வியாபாரத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்போக் கம்பியும் அதன் நுனியில் திருகுகிற நிப்பிளும்தான் கை கொடுத்தன. நிப்பிளை ஒரு சுற்றுத் திருகினால் ஒரு மயிரிழை நெருங்கும். இரண்டு சின்ன எஃகுத் தகடு, நடுவில் ஸ்போக் திருகு, தகட்டின்மேல் வால்வு டியூப் உறை. சைக்கிள் டியூபில் காற்று திரும்பாமல் இருக்க வால்வுக்கு மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய் அது. பட்டுநூலை ஒற்றை இழையாகப் பிரித்து, வாஸலினில் போட்டுக் காய்ச்சி எடுத்துக்கொள்வார். ஒரு கிழட்டு வெள்ளாட்டை வாங்கி, மயக்கம் கொடுத்து, கழுத்துக் குழாயை அறுத்துத் தைத்தார். ஆடு பிழைத்துக்கொண்டது. அதற்கப்புறம் அது அவர் வீட்டிலேயே இருந்தது. அவர் சாப்பிடும்போது பக்கத்தில் நிற்கும், ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வரும். 'கால்வெட்டிக்குக் கூட்டாளி கெடைச்சுட்டாண்டா' என்று சந்தையில் சிரித்தார்கள். ஆடு நான்கு வருஷம் உயிரோடு இருந்தது.

கிளிப்பின் படத்தை வரைந்து, ஆட்டுக்குச் செய்ததையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அவர் தகுதிக்கு உட்பட்ட வைத்தியத்தை மட்டும் செய்யும்படி பதில் வந்தது. பம்பாயில் ஒரு கருவிக் கம்பெனிக்கு எழுதினார். அங்கிருந்து பதிலே இல்லை. கிளிப்புகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார்.

கிளிப்பு தயார்தான். ஆனால் மலையிலிருந்து வருகிற கால் எல்லாம் செத்தே வந்தன. செத்த காலில் எதைத் தைப்பது? அதற்குள் முடிச்சோடு வெட்டி எடுத்த கால்கள் ஒன்பது ஆகியிருந்தன.

1940 மாசியில் ஒரு நாள், "நாளைக்குக் கடைய மூடு. மலைக்குப் போறம்," என்றார். விடிந்ததும் கிளம்பினோம். தோளில் ஒரு கோணிப்பை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்குக் கொடுக்கவில்லை. ஏறி முடிக்க உச்சிவேளை ஆகிவிட்டது.

மாதையன் கோயில் கற்களுக்கு எதிரே நார் திரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். கோயில் என்றால் கூரை கிடையாது, நட்டுவைத்த கற்கள்தான். நாங்கள் யார் என்று கேட்கவில்லை, உட்காரச் சொன்னார். டாக்டர் கோணியைப் பிரித்து, அதிலிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். வெட்டிய காலிலிருந்து உருவி எடுத்து, கழுவிக் காயவைத்த கயிறுகள். ஒன்பது. ஒவ்வொன்றிலும் முடிச்சு போட்டபடியே இருந்தது. அவர் அதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

மாதையன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது என் கையி," என்றார். அடுத்ததை எடுத்தார். "இதுவும் என் கையி. இதெல்லாம் எப்பிடி உங்ககிட்ட வந்துச்சு?"

"காலோட வந்துச்சுங்க," என்றார் டாக்டர்.

மாதையனுக்குப் புரியவில்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னார். இறுக்கிக் கட்டின கால் ஆறு மணி நேரத்தில் எப்படி ஆகும், கீழே வந்ததும் தான் என்ன செய்ய வேண்டியிருந்தது, எல்லாம். மாதையனுக்கு அதுவரை எதுவும் தெரியாது. கால் போனவர் மலை ஏறுவதில்லை. கூடப் போன சனம் திரும்பி வந்து, 'முடிச்சு நின்னுச்சு, உயிர் தப்பிச்சுது, கீழயே தங்கிட்டாங்க' என்று சொல்லியிருக்கிறது. வெட்டினதைச் சொன்னால் சாமி முடிச்சைக் குறை சொன்னதாகிவிடும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஆறு வருஷம்.

"ஆளுங்க இருக்காங்களா?"

"ஏழு பேரு இருக்காங்க. ரெண்டு பேரு இல்ல."

"எங்க இருக்காங்க?"

டாக்டருக்கு ஒவ்வொருவரும் இருக்கும் இடம் தெரிந்திருந்தது. இண்டூர்ச் சந்தையில் ஒருவர், தர்மபுரி ரயிலடியில் ஒருவர், தீர்த்தமலை அடிவாரத்தில் பிச்சைக்கு உட்காரும் ஒரு பெண். எண்ணிச் சொன்னார்.

மாதையன் முதல் கயிற்றை மடியில் வைத்து அவிழ்க்க ஆரம்பித்தார். ரத்தத்தில் நனைந்து காய்ந்த நார் இறுகிக் கல்லாகியிருந்தது. நான் கத்தியை நீட்டினேன், வாங்கவில்லை. நகத்தாலும் பல்லாலும் ஒன்பதையும் அவிழ்த்து முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. அவ்வளவு நேரமும் டாக்டர் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கடைசியில் டாக்டர் தன் யோசனையைச் சொன்னார். முடிச்சு இருக்கட்டும், அதை யாரும் தொட வேண்டாம். கட்டும்போதே கயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகிக் கட்டுங்கள். இறங்குகிற வழியில் நின்று இளைப்பாறும் இடத்திலெல்லாம் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டையை மட்டும் உருவட்டும். கயிறு நெகிழும், காலுக்குக் கொஞ்சம் ரத்தம் போகும். திரும்பச் செருகினால் இறுகிக்கொள்ளும். நான் புளிய மரத்தில் இழைத்து வந்த கட்டையை எடுத்துக் காட்டினேன். மாதையன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இருட்டுமுன் இறங்க வேண்டும் என்று வந்துவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்துத் தேன் விற்க வந்தவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் ஒரு துணிமூட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வேங்கை மரத்தில் செதுக்கிய கட்டை. ஒரு பக்கம் சரிவு, மறு பக்கம் கயிறு நழுவாமல் உட்காரப் பள்ளம். என்னுடையதைவிட நல்ல வேலை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. டாக்டர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் உலகச் சண்டை வந்து ரப்பருக்குத் தட்டுப்பாடு. டயர் இல்லை, டியூப் இல்லை, வால்வு டியூப் ஒரு முழம் கிடைக்கவில்லை. என்னிடம் இருந்த கடைசிச் சுருளை டாக்டரின் கிளிப்புகளுக்கென்று இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் இல்லை என்றேன். கர்ணத்தின் மகனுக்கே இல்லை என்றேன். மூன்று வருஷம் அந்த ஆள் என்னோடு பேசவில்லை.

1943 கார்த்திகையில் சின்னபொண்ணு வந்தாள். சாமை அறுக்கும்போது வரப்பில் சறுக்கி விழுந்து, அரிவாள் முழங்காலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. புருஷன் தீர்த்தனும் இன்னும் மூன்று பேரும் தூக்கி வந்தார்கள். தொடையில் மாதையன் முடிச்சு. அதன் அடியில் கட்டை. மாதையன் சொல்லி அனுப்பியபடி வழியில் ஆறு இடத்தில் உருவிச் செருகியிருக்கிறார்கள். டாக்டர் பாதத்தைத் தொட்டார். வெளுத்திருந்தது, கறுக்கவில்லை. விரலை அசைக்கச் சொன்னார். கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தது.

அவர்தான் கால்வெட்டி என்று சின்னபொண்ணுக்குத் தெரிந்திருந்தது. "காலு போச்சுன்னா என்னால மேல ஏற முடியாதுங்க. கைப்புள்ள மேல இருக்குது. எடுக்கறதா இருந்தா என்னைய இப்பிடியே வுட்டுருங்க," என்றாள். தீர்த்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுக்கமாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. எடுக்காம இருக்கறதுக்குத்தான் ஏழு வருஷமா பாடுபடறேன்," என்றார் டாக்டர்.

கம்பவுண்டர் குளோரபாரம் கொடுத்தார். அறைக்குள் வெளிச்சம் போதவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். கடைச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி எடுத்துப் போய், ஜன்னலில் நின்று வெயிலைக் காயத்தின்மேல் அடித்தேன். மேலே ஒரு கிளிப்பு, கீழே ஒரு கிளிப்பு. நிப்பிளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகினார். கட்டையை உருவினார். ரத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு தையல். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். எத்தனை நேரம் ஆயிற்றோ, கை மரத்துவிட்டது. கடைசியில் கீழ்க் கிளிப்பைத் தளர்த்தினார், பிறகு மேல்கிளிப்பை. குழாய் ஒரு துடிப்புத் துடித்தது. கண்ணால் பார்த்தேன்.

நாலாம் நாள் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. ஐந்தாம் நாளும் ஓடவில்லை. டாக்டர் விடியற்காலையில் போய் அவள் பாதத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நிற்பார். நாடி பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிடுவார். பத்தாம் நாள் அவர் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். "சூடா இருக்குது," என்றார்.

இருபத்தெட்டாம் நாள் அவளை அனுப்பினார். தொடையில் கயிறு தொளதொளவென்று கிடந்தது. மாதையன் கையால் அவிழ்க்க வேண்டும் என்று அப்படியே விட்டிருந்தார். மலை அடிவாரம் வரைக்கும் வண்டி வைத்தார். நானும் அவரும் பின்னால் சைக்கிளில் போனோம். தீர்த்தன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தவள், கொஞ்ச தூரத்தில் தோளை விட்டுவிட்டாள். கோல் ஊன்றிக்கொண்டு அவளாகவே ஏறினாள். வளைவு வரைக்கும் தெரிந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே குழந்தை இருக்கிறதே, அந்த நினைப்பு. அவள் மறைந்த பிறகும் டாக்டர் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

கீழ்நாட்டில் யாரும் இதை நம்பவில்லை. வெட்டின கால் கண்முன் நொண்டிக்கொண்டு திரிந்தது. வெட்டாத கால் மலைமேல் போய்விட்டது. யார் ஏறிப்போய்ப் பார்ப்பார்கள்? அதற்குப் பிறகும் அவர் இரண்டு கால்களைத் தைத்துக் காப்பாற்றினார். அவையும் மலைக்காரர்களுடையவைதான். 1947-இல் ஓசூர்ப் பக்கம் மாற்றல் வந்து போனார். பஸ் ஏற்றிவிட நானும் கண்ணம்மாளும் போயிருந்தோம். கடந்த வருஷம் அங்கே ஆஸ்பத்திரி வீட்டில் தனியாக இருந்தபோது மாரடைப்பில் போய்விட்டதாகச் செல்லம்மாளிடமிருந்து எனக்குக் கார்டு வந்தது.

மலையில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏறிப் போனேன். மாதையன் முந்தின வருஷமே செத்திருந்தார். சின்னபொண்ணு காட்டில் சாமை அறுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு காலையும் மடக்கிக் குந்தியிருந்தவள், என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். கொஞ்சமும் நொண்டல் இல்லை. குப்புராஜ் டாக்டர் போய்விட்டார் என்றேன்.

"யாருங்க அது?"

அவர் பெயர் அவளுக்குத் தெரியாது. உன் காலைத் தைத்தவர் என்றேன்.

"மூஞ்சி சரியா நெனப்பில்லீங்க. தினமும் வந்து பாதத்தத் தொட்டுக்கிட்டு நிப்பாரு. ஒண்ணும் பேசமாட்டாரு. எனக்குக் கூச்சமா இருக்கும், கண்ண மூடிக்குவேன்." பிறகு, "கிட்ட யாரு இருந்தாங்க, போறப்போ?" என்று கேட்டாள்.

"யாருமில்ல," என்றேன்.

அவள் கையிலிருந்த அரிவாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேற்கே வானம் இருண்டு வந்தது. நனைவதற்குள் கதிரைக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, மேட்டில் ஏறி மறுபடி அறுப்பில் குந்தினாள். நான் இறங்கி வந்துவிட்டேன்.